பனியில ஓட்ட ஒரு ஸ்போர்ட்டி கார்: நாலு வண்டி ஓட்டிப் பாத்து ஒண்ணு எடுத்த அனுபவம்

ஜனவரியில ஒரு செவ்வாக்கிழமை காலையில, கனடாவுல டொரன்டோவுக்கு வடக்கே இருக்குற எங்க ஊரு பேரியில எஸ்ஸா ரோட் சிக்னல்ல ரெட்டுக்கு நின்னுட்டு இருந்தேன். கண்ணாடியில பாத்தா பின்னாடி ஒரு பிக்கப் டிரக் வந்துட்டே இருக்கு, வேகம் கொறையவே இல்ல. அந்த மனுஷன் பிரேக்கை முழுசா மிதிச்சுட்டுதான் வந்தாரு, ஆனா ரோடு மேல பிளாக் ஐஸ், பாத்தா ஈர ரோடு மாதிரிதான் தெரியும், மெல்லிசா கண்ணாடி மாதிரி படிஞ்சு கிடக்கும். வந்து நேரா என் பின்பக்கத்துல ஏறிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது கடவுள் புண்ணியம், மகளை டேகேர்ல விட்டுட்டு வந்த பத்தாவது நிமிஷம் அது. ஒன்பது வருஷம் வச்சிருந்த ஹேட்ச்பேக்கை ரிப்பேர் பண்றது கட்டுப்படியாகாதுன்னு இன்சூரன்ஸ்ல எழுதிட்டாங்க. மேனுவல் கியர், முன் சக்கரம் இழுக்குற வண்டி, ஓட்டறதுக்கு அவ்வளவு ஜாலியா இருக்கும். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அதுக்குப் பதிலா என்ன வாங்கறதுன்னு ஆறு வாரம் தேடுனேன். நம்ம ஆளுங்க நிறைய பேரு இந்தப் பக்கம் வீடு வாங்கி வர்றாங்க, "ஸ்நோவுக்கு எஸ்யூவிதான் எடுக்கணும்"னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, அதனாலதான் இதை விவரமா எழுதறேன். எஸ்யூவி வேணும்னா தாராளமா எடுங்க. ஆனா ஓட்டறதுல ஒரு சந்தோஷம் இருக்கணும், குளிர்காலத்துலயும் பயமில்லாம போகணும்னு நினைக்கிறவங்களுக்கும் வழி இருக்கு.

முதல்ல எங்க ஊரு பத்தி. பேரி சிம்கோ ஏரிக்கரையில இருக்கு, ஆனா பனியைக் கொண்டு வர்றது அந்த ஏரி இல்ல, வடமேற்குல இருக்குற ஜார்ஜியன் பே. ஆர்க்டிக் பக்கம் இருந்து வர்ற குளிர் காத்து இன்னும் உறையாத தண்ணி மேல ஓடி வரும்போது ஈரத்தை அள்ளிக்கும், கரைக்கு வந்ததும் அப்படியே கொட்டிடும். இது பட்டை பட்டையா வரும். தெற்கே வான் (Vaughan) நகரத்துல வெயில் அடிக்கும், 400 ஹைவேல வடக்கே ஏறி பிராட்ஃபோர்டைத் தாண்டுனா முன்னாடி போற வண்டியோட பின் லைட்டு கூடத் தெரியாது, பத்து கிலோமீட்டர் போனா மறுபடி நீல வானம். எனக்கு ஆபீஸ் அந்த வான் நகரத்துலதான், ஒரு பக்கம் 70 கிலோமீட்டர் பக்கம் வரும், வாரத்துல மூணு நாள் போகணும். அந்த ரோட்ல உப்பு போட்டு பெரும்பாலும் கருப்பாத்தான் இருக்கும், ஆனா எங்க தெருவுல டிசம்பர்ல இறுகுன பனி மார்ச் வரைக்கும் அப்படியே கிடக்கும். ஆக வண்டி 110ல போற காஞ்ச ஹைவேக்கும் சரியா இருக்கணும், இறுகுன பனித் தெருவுக்கும் சரியா இருக்கணும்.

இன்சூரன்ஸ்ல வாடகை வண்டி ஒண்ணு கொடுத்தாங்க, எந்த கம்பெனின்னு வேண்டாம், புது ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி, டயர் மட்டும் ஆல் சீசன். மொத நாளு சிக்னல்ல இருந்து கிளம்புனப்போ என்னடா இவ்வளவு அருமையா போகுதுன்னு இருந்துச்சு, பனியே இல்லாத மாதிரி இழுத்துச்சு. ரெண்டாம் நாளு ஹைவேல இருந்து எக்ஸிட் எடுத்து இறங்கும்போது பிரேக் அழுத்துனா ஏபிஎஸ் டக டகன்னு அடிக்குது, வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. ஸ்டாப் லைன் தாண்டி ஒரு வண்டி நீளம் போய்தான் நின்னுச்சு. குறுக்க யாரும் வரல. என் பழைய முன் சக்கர வண்டி, நாலும் நல்ல வின்டர் டயர், அதே எக்ஸிட்ல ஒரு நாளும் இப்படிப் போனதில்ல.

இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. ஆல் வீல் டிரைவ் இன்ஜின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கும், அவ்வளவுதான். கிளம்பறதுக்கு, மேடு ஏறறதுக்கு, வளைவுல இருந்து ஆக்சிலரேட்டர் கொடுத்து வெளிய வர்றதுக்கு உதவும். பிரேக் எல்லா வண்டியிலயும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு, ஆக நிக்கறதுக்கு ஆல் வீல் டிரைவ் ஒரு அடி கூட உதவாது. நிக்கறது திரும்பறது ரெண்டுமே ரப்பர் வேலை. ஆல் சீசன் டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போகப் போக இறுக ஆரம்பிக்கும், மைனஸ் 15ல பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். வின்டர் டயர் கலவை அந்தக் குளிர்லயும் இளகியே இருக்கும், மேல சின்னச் சின்னதா ஆயிரம் வெட்டு இருக்கும், அதுதான் பனியைக் கவ்விப் புடிக்குது. டயர் பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள பனிப்பூ, அப்படி ஒரு சின்னம் இருக்கான்னு பாருங்க. அது இருந்தா பனியில டெஸ்ட் பண்ணி பாஸ் ஆன டயர். வெறும் எம் பிளஸ் எஸ்னு மட்டும் போட்டிருந்தா அது மேல இருக்குற வெட்டு வடிவத்தை வச்சு கொடுத்த பேரு, அதை நம்பி ஏமாறாதீங்க. க்யூபெக்ல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரைக்கும் வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவுல கட்டாயம் இல்ல, ஆனா 2016ல இருந்து வின்டர் டயர் போட்டா இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி கொடுத்தே ஆகணும், கேட்டு வாங்குங்க, பொதுவா 5 சதவீதம் வரைக்கும் வரும்.

அப்போ முன் சக்கர வண்டியே போதாதா, ஹோண்டாவோட வேகமான முன் சக்கர வண்டி சிவிக் டைப் ஆர் எடுத்துக்கலாமேன்னு ஒரு ஆபீஸ் நண்பர் கேட்டாரு. நியாயமான கேள்வி. 150 குதிரை சக்தி உள்ள முன் சக்கர வண்டிக்கு நல்ல வின்டர் டயர் தாராளமா போதும், என் பழைய வண்டியே அதுக்கு சாட்சி. ஆனா 300 குதிரையை ரெண்டே முன் சக்கரம் வழியா பனி மேல இறக்க முடியாது, டிராக்ஷன் கன்ட்ரோல் வந்து சக்தியை வெட்டிக்கிட்டே இருக்கும், அஞ்சு மாசம் பாதி இன்ஜினோடதான் ஓட்டணும். சக்தி அதிகமாக அதிகமாகத்தான் ஆல் வீல் டிரைவுக்கு மதிப்பு. அதனால எனக்கு வேணும்னு எழுதி வச்சது இதுதான்: ஆல் வீல் டிரைவ், முடிஞ்சா மேனுவல், பின்னாடி சைல்ட் சீட் சிரமமில்லாம மாட்டணும், 13 சதவீதம் வரி, ஒரு செட் வின்டர் டயர் எல்லாம் சேத்து ஐம்பதாயிரம் டாலருக்குள்ள. என் மனைவியும் ஓட்டுவாங்க. மேனுவல்னு சொன்னா எல்லாரும் "அவங்க ஓட்டுவாங்களா"ன்னு கேக்கறாங்க. அவங்க கோயமுத்தூர்ல அவங்க அப்பாவோட மாருதி 800ல கத்துக்கிட்டவங்க, அவிநாசி ரோட்டு டிராஃபிக்ல கிளட்ச் புடிச்ச கால். எங்க வீட்டுல கியர் சுத்தமா மாத்தறது அவங்கதான்.

மொதல்ல மாஸ்டா 3 டர்போ. 2.5 லிட்டர் டர்போ இன்ஜின், சாதா 87 ஆக்டேன் பெட்ரோல் போட்டா 227 குதிரை, 93 போட்டா 250. முறுக்கு விசைதான் இதுல விசேஷம், 93 பெட்ரோல்ல 434 நியூட்டன் மீட்டர் வரும், லேசா மிதிச்சாலே நெஞ்சைத் தள்ளும். உள்ள உக்காந்தா இந்த விலைக்கு இவ்வளவு நேர்த்தியான்னு இருக்கும். குளிர் ஊர்ல இருக்கறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு, ஹீட்டருக்கு நிஜமான திருகு, நிஜமான பட்டன், ஸ்கிரீனை இயக்க சீட்டுக்கு நடுவுல ஒரு உருட்டுக் குமிழ். கையுறை போட்ட கையில எல்லாத்தையும் பண்ணலாம், கண்ணை ரோட்ல இருந்து எடுக்கவே வேண்டாம். அதோட ஆல் வீல் டிரைவ் சக்கரம் வழுக்குனதுக்கு அப்புறம் முழிச்சுக்கறது இல்ல, வெளிய எவ்வளவு குளிரு, வைப்பர் ஓடுதான்னு கூடப் பாத்து முன்கூட்டியே பின் சக்கரத்துக்கு சக்தி அனுப்ப ரெடியா இருக்கும். நான் ஓட்டுனப்போ இறுகுன பனியில அவ்வளவு அமைதியா போச்சு. ஆனா மேனுவல் கிடையாது, ஆறு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும். வளைவுல வேகமா திருப்புனா வண்டி நல்ல பிள்ளையா திரும்புது, சிரிப்பு வரல. ஓட்டற சுகம் முக்கியம், ஆனா சத்தம் இல்லாம பெரிய மனுஷத்தனமா இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்வேன். நாலுல விலையும் இதுதான் எனக்குக் கம்மியா வந்துச்சு.

அடுத்து டொயோட்டாவோட ஜிஆர் கொரோலா. பேரு கொரோலா, சாமான் வேற. 1.6 லிட்டர், மூணே சிலிண்டர், அதுல 300 குதிரை. ஜப்பான்ல மோட்டோமாச்சி ஃபேக்டரியில தனி லைன்ல அசெம்பிள் பண்றாங்க. ராலி பந்தயத்துல ஓட்டறதுக்காக உருவாக்குன ஜிஆர் யாரிஸ்ல இருந்து வந்த இன்ஜினும் ஆல் வீல் டிரைவும்தான் இதுல இருக்கு. 2023 மாடல் ஒண்ணை ஒரு நண்பரோட நண்பர் ஓட்டக் கொடுத்தாரு, அவரு நல்ல வின்டர் டயர் போட்டிருந்தாரு. நடுவுல ஒரு டயல் இருக்கு, அதுல முன்னாடிக்கு 60 பின்னாடிக்கு 40னு வைக்கலாம், சரிசமமா வைக்கலாம், 30க்கு 70னும் வைக்கலாம். ஸ்பிரிங்வாட்டர் பக்கம் ஆள் இல்லாத கிராமத்து ரோட்ல மூணையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தேன், ஒவ்வொண்ணுக்கும் வண்டியோட குணமே மாறுது. 30க்கு 70ல வளைவுல லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்தா பின்பக்கம் மெதுவா வெளிய வரும், ஸ்டீரிங்கை கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்புனா நேராயிடும், 40 கிலோமீட்டர் வேகத்துலயே இதெல்லாம் நடக்குது, அதுதான் பனியோட அழகு, சட்டத்துக்கு உட்பட்ட வேகத்துலயே வண்டி உங்களோட பேசும். கைல இழுக்குற நிஜமான ஹேண்ட் பிரேக் வேற இருக்கு, அதை இழுத்தா பின் அச்சுக்குப் போற இன்ஜின் சக்தி தானா நின்னுடும், இந்தக் காலத்துல இப்படி யோசிச்சு ஒரு கார் பண்றாங்களேன்னு இருந்துச்சு.

இந்த நாலுல மனசை அள்ளுனது இதுதான், ஒத்துக்கறேன். ஆனா பின் சீட்டுல பின்னாடி பாத்த சைல்ட் சீட் மாட்டுனா முன்னாடி உக்கார்றவங்க முட்டி டேஷ்போர்டுல இடிக்கும். பேட்டரியை எடைக்காக டிக்கிக்குக் கொண்டு போயிருக்காங்க, அதனால டிக்கியும் ஆழம் இல்ல. ஸ்கார்பரோ போயி ஒரு மாசத்துக்கு அரிசி பருப்புன்னு அள்ளிப் போட்டுட்டு வர்ற குடும்பத்துக்கு இடம் பத்தாது. குறைஞ்ச எண்ணிக்கையில வர்ற வண்டிங்கறதால விலையும் என் கணக்கைத் தாண்டிடுச்சு. தனி ஆளா இருந்திருந்தா இந்தக் கட்டுரை இங்கயே முடிஞ்சிருக்கும்.

ஃபோக்ஸ்வேகனோட கோல்ஃப் ஆர் பத்தி கொஞ்சம் நிறைய சொல்லணும், ஏன்னா மூணு வாரம் இதைத்தான் வாங்கப் போறேன்னு நினைச்சிட்டு இருந்தேன். எட்டாவது தலைமுறை, 2 லிட்டர் டர்போ, 315 குதிரை, 2025ல புதுப்பிச்சு 328 ஆக்கிட்டாங்க. ஹேட்ச்பேக், பின் கதவு பெருசா தொறக்கும், சீட்டை மடக்குனா ஒரு சின்ன வேன் மாதிரி. இதோட பின் அச்சுல ரெண்டு தனித்தனி கிளட்ச் இருக்கு, ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஒண்ணு. மொத்த சக்தியில பாதி வரைக்கும் பின்னாடி போகும், அந்தப் பாதி முழுசையும் ஒரே சக்கரத்துக்குக் கூட அனுப்ப முடியும். வளைவுல வெளிப்பக்கச் சக்கரத்தைத் தள்ளி விடும், அதனால சாதாரணமா முன் சக்கர அடிப்படை வண்டி பனியில நேரா வழுக்கிட்டுப் போகுமே, அது இதுல ரொம்பக் கம்மி. மூக்கை எங்க காட்டறீங்களோ அங்க போகுது. நான் ஓட்டுன நாளு மைனஸ் 12, ராத்திரி பெஞ்ச பனி மேல, அவ்வளவு வேகமா அவ்வளவு சுலபமா ஒரு வண்டி போயி நான் பாத்ததில்ல. ஹைவேல சத்தமே இல்ல. கிராமத்து ரோட்ல பயங்கரம். ஒரே வண்டியில ரெண்டு வண்டி.

அப்புறம் ஏன் வாங்கலன்னா, ரெண்டு காரணம். 2025ல இருந்து மேனுவல் கியர் இல்ல, ஏழு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். மேனுவல் வேணும்னா 2022ல இருந்து 2024 வரைக்கும் வந்த பழைய வண்டி பாக்கணும், அந்த வருஷ வண்டியில ஹீட்டர் சூடு கூட்டற கொறைக்கிற தடவற பட்டைக்கு விளக்கே கிடையாது, ராத்திரி தடவித் தேடணும். குளிர்காலத்துல நாலரை மணிக்கே இருட்டற ஊருக்கு இது சின்ன விஷயம் இல்ல. 2025ல விளக்கு வச்சுட்டாங்க, ஆனா மேனுவல் போயிடுச்சு. ரெண்டாவது காரணம் சொல்லிப் புரிய வைக்கறது கஷ்டம். அந்த வண்டி எல்லாத்தையும் தானே பாத்துக்குது. எவ்வளவு வழுக்குது, புடிப்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு என் கைக்கும் இடுப்புக்கும் அது சொல்லவே இல்ல, கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள சமாளிச்சுட்டு அமைதியா இருக்கு. எல்லை எங்க இருக்குன்னு தெரியாமயே எல்லைக்குப் பக்கத்துல வேகமா போயிடுவோம். பனியில எனக்கு அது வேண்டாம். புடிப்பு கொறையும்போது சீக்கிரமே, கம்மி வேகத்துலயே எனக்குத் தெரியணும். இது என் விருப்பம், நிறைய பேருக்கு அந்த அமைதிதான் பாதுகாப்பா இருக்கும், அது அவங்கவங்க கை பழக்கம்.

சுபாருவோட டபிள்யூஆர்எக்ஸ் ஓட்டப் போனது கடைசியாத்தான். மொத டீலர்கிட்ட போனப்போ டெமோ வண்டி இன்னும் சம்மர் டயர்ல நிக்குது, மைனஸ் 9, இதை வெளிய எடுத்துட்டுப் போக விடமாட்டேன்னு அந்த சேல்ஸ்மேன் பொண்ணு நேரா சொல்லிட்டாங்க. எனக்கு அவங்க மேல மரியாதைதான் வந்துச்சு. சம்மர் டயர் ரப்பர் உறைபனிக் குளிர்ல கல்லு மாதிரி ஆகும், விரிசல் கூட விடும். இந்த மாதிரி ஸ்போர்ட்டி வண்டி நிறைய சம்மர் டயரோடதான் ஃபேக்டரியில இருந்து வருது, அக்டோபர்ல புது வண்டி எடுத்துட்டு நவம்பர்ல அதே டயர்ல மொத பனியில இறங்காதீங்க, தயவு செஞ்சு. அவங்களே அடுத்த வாரம் வின்டர் டயர் மாட்டி வச்சுட்டு போன் பண்ணாங்க.

வண்டி பத்தி. 2022ல வந்த தலைமுறை, 2.4 லிட்டர் டர்போ, 271 குதிரை. சிலிண்டர் நாலும் நிமிர்ந்து நிக்காம ரெண்டு ரெண்டா எதிரும் புதிருமா படுத்துக் கிடக்கும், அதனால வண்டியோட எடை தரைக்குப் பக்கத்துல இருக்கு. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்னாடி போற தண்டு எல்லாம் ஒரே நேர்கோட்டுல. மேனுவல் வண்டியில சக்தி எப்பவுமே முன்னாடி பாதி பின்னாடி பாதி, நடுவுல ஒரு விஸ்கஸ் கப்ளிங். அதுக்குள்ள சிலிக்கோன் திரவம் இருக்கு, முன் அச்சும் பின் அச்சும் வேற வேற வேகத்துல சுத்த ஆரம்பிச்சா அந்தத் திரவம் எதிர்த்து இறுக்கிப் புடிக்கும், சக்தி புடிப்பு இருக்குற பக்கம் போயிடும். கம்ப்யூட்டர் முடிவு எடுக்க வேண்டியதே இல்ல. பழைய காலத்து ஏற்பாடுதான், ஆனா எப்பவும் ஒரே மாதிரி நடந்துக்கும், பனியில எனக்கு வேண்டியது அதுதான். ஆட்டோமேட்டிக் எடுத்தா சிவிடி (படி படியா கியர் இல்லாத வகை), அதுல நடுப்பகுதி ஏற்பாடு வேற, பின்னாடி கொஞ்சம் அதிகமா, 45க்கு 55. சுபாருக்காரங்க பனியிலயும் சேத்துலயும் ராலி ஓட்டி வந்தவங்க, கோலின் மெக்ரே 1995ல, ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001ல, பெட்டர் சோல்பர்க் 2003ல உலக சாம்பியன் ஆனது எல்லாம் இந்த வம்சத்து வண்டியிலதான். சின்ன வயசுல வீடியோ கேம்ல அந்த நீலமும் தங்க நிற வீலும் பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல.

அதே ஸ்பிரிங்வாட்டர் ரோட்டுக்குப் போனேன். ரெண்டாவது கியர், மெதுவான வளைவு, லேசா வேகம் அதிகமா போனா மொதல்ல மூக்கு கொஞ்சம் வெளிய தள்ளுது, ஸ்டீரிங் லேசாகிடுது, சீட்டு வழியா ஒரு சின்ன நழுவல் தெரியுது, காலை கொஞ்சம் எடுத்தா உடனே பாதைக்கு வந்துடுது. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி. கோல்ஃபை விட வேகம் கம்மி, ஜிஆர் கொரோலாவை விடக் குறும்பு கம்மி. ஆனா கால் மணி நேரத்துல இந்த வண்டி அடுத்து என்ன பண்ணும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்து மனைவி ஓட்டுனாங்க. திரும்பி வந்து வண்டியை நிறுத்திட்டு "இது சொல்லிட்டுத்தான் வழுக்குது"ன்னாங்க. ஆறு வாரமா நான் தேடிட்டு இருந்தது அதுதான், அவங்க ஒரே வரியில சொல்லிட்டாங்க.

குறைங்களும் இருக்கு, மறைக்கல. ஹேட்ச்பேக் வடிவம் 2015ல இருந்தே கிடையாது, செடான் மட்டும்தான், டிக்கி வாய் சின்னது. சக்கர வளைவைச் சுத்தி கருப்பு பிளாஸ்டிக், எனக்கு இன்னும் கண்ணுக்குப் பழகல. பெட்ரோல் நல்லா குடிக்கும், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டருக்கு மேல, அதுவும் பிரீமியம், நீங்க தினமும் ஹைவேல போறவங்கன்னா உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவுல 14 சென்டிமீட்டர்தான், அதே கம்பெனி கிராஸ்ட்ரெக்ல 22 சென்டிமீட்டர். ஆல் வீல் டிரைவ் எவ்வளவு நல்லா இருந்தாலும் பனி அந்த உயரத்தைத் தாண்டுனா வண்டி பனி மேல படகு மாதிரி ஏறி உக்காந்துக்கும், சக்கரம் காத்துல சுத்தும். பனியைத் தள்ளுற பிளோ வண்டி வர்றதுக்கு முன்னாடியே விடியக்காலை கிளம்பியாக வேண்டிய நர்ஸ் வேலை மாதிரி இருக்கறவங்க, ஊருக்கு வெளிய பண்ணை வீட்டுல இருக்கறவங்க இந்த வண்டி எடுக்காதீங்க, கிராஸ்ட்ரெக் மாதிரி உயரமான வண்டிதான் உங்களுக்கு. மேனுவல்ல 2024க்கு முன்னாடி ஐசைட் (முன்னாடி வண்டி நெருங்குனா எச்சரிச்சு தானா பிரேக் போடற வசதி) கிடையாது, 2024ல இருந்து இருக்கு, அதனால நான் 2024தான் வேணும்னு நின்னேன். அது கண்ணாடிக்குப் பின்னாடி ரெண்டு கேமரா வச்சுப் பாக்கற சமாச்சாரம், கண்ணாடியில பனி மூடுனா கொஞ்ச நேரம் நின்னுடும், அதை நம்பி தூரம் கொறைச்சுப் போகக் கூடாது.

வேற சிலதையும் யோசிச்சேன். பிஎம்டபிள்யூ எம்240ஐ, ஆறு சிலிண்டர், 382 குதிரை, என்ன ஒரு இன்ஜின், ஆனா ரெண்டு கதவு, விலை எங்கேயோ. மின்சாரக் கார் நல்லாத்தான் இருக்கும், குளிர்ல ரேஞ்ச் கொறையறது கூட 140 கிலோமீட்டருக்கு சமாளிக்கலாம், ஆனா நாங்க வாடகை வீடு, சார்ஜர் வைக்க வழி இல்ல.

பிப்ரவரி கடைசியில 2024 டபிள்யூஆர்எக்ஸ் மேனுவல், 18 அங்குல வீல் உள்ளது, ஒரு வருஷம் மட்டும் ஓடுனது, நாப்பதாயிரம் டாலரை ஒட்டி முடிச்சோம், வரி தனி. டயருக்கு மட்டும் ஒரு வாரம் அலைஞ்சேன், குளிர்காலக் கடைசியில கடைக்காரங்க கிட்ட சரக்கு தீந்து போயிருக்கும், ஆகஸ்ட் செப்டம்பர்லயே வாங்கிடணும். ரெண்டு வகை இருக்கு இதுல. மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, பிளிஸாக், நோக்கியனோட ஹக்கபெலீட்டா மாதிரி இளக்கமான வகை, ஐஸ்ல நல்லாப் புடிக்கும், காஞ்ச ரோட்ல ஸ்டீரிங் கொஞ்சம் தளதளன்னு இருக்கும். பைலட் ஆல்பின் மாதிரி வேக வண்டிக்கான வின்டர் டயர் ஹைவேல கெட்டியா இருக்கும், ஐஸ்ல ஒரு படி கீழ. எங்க தெரு மூணு மாசம் ஐஸ், அதனால ஸ்போர்ட்டி கார்னு பாக்காம மொத வகைதான் எடுத்தேன், எக்ஸ்-ஐஸ் ஸ்னோ. நோக்கியன் மேலயும் எனக்குப் பெரிய மரியாதை, 1934லயே ஃபின்லாந்துல லாரிக்காக மொத வின்டர் டயர் பண்ணவங்க. ஆணி வச்ச டயர் கேட்டீங்கன்னா, எங்க தெற்கு ஒன்டாரியோவுல அனுமதி இல்ல, வடக்குல இருக்கறவங்களுக்கு மட்டும்தான்.

வீலை 18 அங்குலத்துல இருந்து 17க்கு இறக்கிட்டேன், டயர் அளவு 225/50. அகலம் கம்மியான டயர் பனியைக் கத்தி மாதிரி வெட்டிட்டு அடியில போகும், அகல டயர் மேல மிதக்கும். பக்கச் சுவரும் உயரமா இருக்கறதால மார்ச் மாசத்துக் குழியில வீல் அடி வாங்காது, டயர் விலையும் கம்மி. பெரிய பிரேக் உள்ள மாடல்ல 17 உள்ள போகாது, வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. வீலோட சேத்து எனக்கு ரெண்டாயிரம் டாலர் பக்கம் ஆச்சு. தனி வீல்லயே மாட்டி வச்சா வருஷத்துக்கு ரெண்டு தடவை டயரைக் கழட்டி மாட்டற கூலி மிச்சம், டயரும் கிழியாது. குளிர் கூடும்போது காத்தழுத்தம் கொறையும், அஞ்சாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ கணக்கு, ஹீட்டட் கராஜ்ல நிறைச்சிட்டு வெளிய வந்தா லைட் எரியும், பயப்பட வேண்டாம், நிறைச்சுக்கோங்க. அடியில துருப் புடிக்காம இருக்க க்ரௌன்ங்கற துரு தடுப்புக் கடையில எண்ணெய் அடிச்சாச்சு, ரோட்டு உப்பு தின்னாத வண்டி இந்த ஊர்ல இல்ல, வருஷா வருஷம் அடிக்கணும்.

ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில்ல பூஜை போட்டோம். மைனஸ் 10, பார்க்கிங்ல குருக்கள் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கிட்டு வந்து கற்பூரம் காட்ட, காத்து அணைக்க, மூணாவது தடவை நின்னு எரிஞ்சுது. எலுமிச்சம்பழம் குளிர்ல கல்லாயிருந்துச்சு, டயர் ஏறுனப்போ படக்குன்னு சத்தம் கேட்டு மக கைதட்டுனா.

மார்ச் மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஸ்கார்பரோவுல இருந்து திரும்பி வர்றோம், மனைவி ஓட்டறாங்க. பிராட்ஃபோர்டு தாண்டுனதும் வெள்ளைச் சுவரு மாதிரி வந்துடுச்சு. இடது பக்கப் பள்ளத்துல ஒரு பெரிய எஸ்யூவி ஹசார்ட் லைட் போட்டுக் கிடக்கு, போலீஸ் ஏற்கெனவே நிக்கறாங்க. மனைவி நாலாவது கியருக்கு இறக்கி 60ல வச்சுக்கிட்டாங்க, பிரேக்கைத் தொடவே இல்ல, முன்னாடி வண்டியோட வெளிச்சம் தெரியற தூரம் விட்டே போனாங்க. இன்னிஸ்ஃபில் பக்கம் ஒரு இடத்துல காத்து பக்கவாட்டுல தள்ளி பின்பக்கம் ஒரு கை அளவு நகந்துச்சு, எனக்கும் தெரிஞ்சுது அவங்களுக்கும் தெரிஞ்சுது, அவங்க காலை லேசா எடுத்தாங்க, வண்டி நேராச்சு, யாரும் ஒண்ணும் பேசல. எஸ்ஸா ரோட் எக்ஸிட், அதே சிக்னல், ரெட்டு. கோட்டுக்குப் பின்னாடியே நின்னுச்சு. வீட்டு வாசல்ல பிளோ தள்ளிட்டுப் போன மேடு முழங்கால் உயரம், நான் இறங்கி மம்மட்டி எடுத்து பத்து நிமிஷம் வழிச்சேன், அவங்க ரெண்டாவது கியர்ல உள்ள ஏத்துனாங்க. பின் சீட்டுல மக தூக்கத்துல இருந்து எந்திரிக்கவே இல்ல.